புனேயில் செய்த பெட்டி

ஸ்ரீஹரிகோட்டா ஆந்திராவில் இருக்கிறது. கடலோர ஊர். 2016 ஜூன் 22, காலை 9.26 மணி. அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. அதில் 20 செயற்கைக்கோள்கள் இருந்தன. 17 வெளிநாட்டுக்காரர்களுடையவை. அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பது போல, இதற்கும் கட்டணம் உண்டு.

அதே ராக்கெட்டில் நம் புனே பெட்டியும் போனது. பெயர் ஸ்வயம். 'தானே' என்று பொருள். புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்தது. எடை சுமார் 1 கிலோ. ஒரு சர்க்கரைப் பொட்டலம் அளவுதான்! உள்ளே காந்தம் உண்டு. திசைகாட்டி முள் போல அது தானே திரும்பி நிற்கும். அதற்குக் கரண்டு வேண்டாம்.

வேலையைத் தொடங்கிய மாணவர்கள் படிப்பு முடிந்து போனார்கள். பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். பல ஆண்டு உழைப்பு. ராக்கெட் கெட்டால் எல்லாம் போச்சு.

ராக்கெட் கிளம்புவதை நாமும் செல்போனில் நேரடியாகப் பார்க்கலாம். நாலு பேர் சேர்ந்து உட்காருங்கள். 10, 9, 8 என்று எண் இறங்கும். ஒருவர் உரக்கப் படியுங்கள். 0 வந்ததும் தீ தெரியும். உடனே எழுந்து விடாதீர்கள். பி.எஸ்.எல்.வி.க்கு 4 அடுக்கு. ஒன்று எரிந்து கழன்றதும் அடுத்தது பற்ற வேண்டும். அன்று எல்லாம் பிரிந்து முடிய சுமார் 26 நிமிடம் ஆனது.

கணக்குப் போடுங்கள்: 20 செயற்கைக்கோள்களில் 17 வெளிநாட்டுடையவை. நம் நாட்டுடையவை எத்தனை?