வளையும் தகடும் வளையாச் சட்டமும்

மணிமுத்தாறு அணையைக் கடந்து ஏறும் மலைப்பாதை மாஞ்சோலையைச் சென்றடைகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ஆம் ஆண்டு 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற வனநிலத்தில் பம்பாய் பர்மா வணிகக் கழகம் தேயிலை பயிரிட்ட இடம் அது. தேயிலைத் தொழில் என்றதும் பசுந்தளிரே நினைவுக்கு வரும். ஆயினும், இலையை உலர்த்தும் வெப்பக்காற்று செல்லும் குழாய்களும், தூள் இறங்கும் சரிவுகளும் மடித்த தகடுகளால் ஆனவை. மலையூரில் அவற்றுள் ஒன்று அரித்துப்போனால், மாற்றுத் தகடு மடிக்க அடிவாரத்துப் பட்டறைக்கு இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் அஃது எளிதன்று. மடிக்கும் கருவி அருகிலேயே இருப்பின் அரைநாளில் பணி முடியும். அக்கருவியைச் சிறு பட்டறையிலேயே செய்துகொள்ள இயலும்.

இதனைப் பட்டறையினர் ‘பிரஸ் பிரேக்’ என்பர். வண்டியை நிறுத்தும் பிரேக்கிற்கும் இதற்கும் தொடர்பில்லை. கீழே ‘V’ வடிவப் பள்ளமுள்ள அச்சு, மேலே கூர்விளிம்புள்ள அழுத்துகட்டை, இடையே தகடு. அழுத்தும் வலிமையைத் தருவது லாரிகளைத் தூக்கும் எண்ணெய் ஜாக்.

அடைபட்ட நீர்மத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்றார் பாஸ்கல். அவ்விதியைக் கொண்டு ஜோசப் பிராமா 1795இல் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். ஜாக்கின் சிறு உந்துதண்டின் பரப்பு 1 ச.செ.மீ., பெரியதன் பரப்பு 50 ச.செ.மீ. எனக் கொண்டால் விசை 50 மடங்காகும். கைப்பிடி நெம்புகோல் அதை மேலும் 15 மடங்காக்குமாயின், கையால் தரும் 25 கிலோ ஏறத்தாழ 19 டன்னாகிறது. இது இலவசமாகக் கிடைப்பதன்று. பெரிய தண்டு 1 செ.மீ. நகரச் சிறிய தண்டு மொத்தம் 50 செ.மீ. நகர வேண்டும்.

பள்ளத்தின் அகலம் தகட்டுத் தடிமனைப்போல் 8 மடங்கு இருத்தல் வழக்கம். 3 மி.மீ. மென்னெஃகுத் தகட்டுக்கு 24 மி.மீ. பள்ளம். ஒரு மீட்டர் நீளத்தை மடிக்க ஏறக்குறைய 25 டன் தேவைப்படும்; அரை மீட்டருக்கு 12 அல்லது 13 டன். எனவே 20 டன் ஜாக் அதற்குத் தாராளமாகப் போதும். அதே பள்ளத்தில் 6 மி.மீ. தகட்டை வைத்தால் தேவை நான்கு மடங்காகும். அங்கு முதலில் தோற்பது தகடாக இராது.

புதியவர்கள் தவறுவது இவ்விடத்தில்தான். ஜாக்கின் அடிப்பகுதி நகரும் விட்டத்தின்மேல் நிற்கிறது. அதன் தலை மேல்விட்டத்தை முட்டுகிறது. கீழே 20 டன் அழுத்தும்போது மேலேயும் 20 டன் தள்ளுகிறது. இரு தூண்களும் ஆளுக்கு 10 டன் இழுவையைத் தாங்குகின்றன. ஆதலால் சட்டத்தின் உறுதியே கருவியின் தகுதி. விட்டம் வளைந்தால், மடிப்புக் கோணம் நடுவில் ஒன்றும் ஓரத்தில் வேறொன்றுமாக அமையும். விட்டத்தின் உயரத்தை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும். அகலத்தை இரட்டித்தாலோ 2 மடங்குதான். எனவே சேனல் இரும்பைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நிறுத்துதல் வேண்டும். விட்டத்தின் முழுச் சுமையையும் பற்றவைப்பின் மீது மட்டும் ஏற்றாமல், தடித்த போல்ட்டுகளும் தாங்கச் செய்தல் நன்று. ஜாக்கைத் தலைகீழாகப் பொருத்தலாகாது. எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சிச் செயலிழக்கும்.

அழுத்தம் நீங்கியதும் தகடு சற்றே நிமிரும். செங்கோணம் வேண்டுமாயின் ஓரிரு பாகை மிகுதியாக மடிக்க வேண்டும். அழுத்தும்போது விரல்கள் அச்சின் அருகே செல்லலாகாது. கண்ணாடி அணிந்து பக்கவாட்டில் நிற்றல் வேண்டும், அச்சு உடைந்தால் சில்லு முன்னோக்கிப் பாயக்கூடும்.

முதலில் ஒரு துண்டுத் தகட்டை மடித்து, இரு ஓரங்களிலும் நடுவிலும் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பர். மூன்றிடத்தும் கோணம் ஒத்திருந்தால் சரிவுக்குரிய தகட்டை ஏற்றுவர். ஒவ்வாதிருப்பின் விட்டங்களைக் கழற்றி, அவற்றின் முதுகில் மேலும் ஒரு பட்டையைப் பற்றவைப்பர்.