பழைய வீட்டு மரங்களைப் பழுதின்றிக் கழற்றுதல்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாகத் தமது வளவுகளுக்குத் திரும்பிய குடும்பங்கள் பல, இடிந்த சுவரையும் அதற்குள் வளர்ந்த மரங்களையுமே கண்டன. வன்னியிலும் இதே கதைதான். கிடந்த வளையை விறகுக்குக் கொத்தியவர்களையும், முற்றத்தில் வந்து நின்ற வியாபாரிக்கு முதிரை நிலையைச் சில நாட்சாப்பாட்டுக் காசுக்குக் கொடுத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை கூற மாட்டேன். ஆயினும் கொடுக்குமுன் பொருளின் பெறுமதி தெரிந்திருக்க வேண்டும்.

எமது பாட்டன்மாரின் வீட்டுக் கூரைகள் கைக்கோடரியாலும் கைவாளாலும் செய்யப்பட்டவை. முற்றிய பனையைப் பார்த்துத் தறித்து, பிளந்து, சீவிக் கைமரமாகவும் சலாகையாகவும் ஏற்றினார்கள். மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே; பனைக்கோ வெளியே. நடுவில் இருப்பது வெறும் சோறு. முற்ற முற்றத்தான் அந்த வெளிவைரம் தடிக்கும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணையில் தலையிழந்தவை வேறு. ஆகவே நல்ல பழைய பனங்கைமரம் ஒன்று இன்று கடையில் நினைத்தவுடன் வாங்கக்கூடிய பொருளல்ல.

மரத்தில் கை வைக்குமுன் காணியைப் பாருங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் உள்ளே போக வேண்டாம். இடிபாட்டுக்குள் இனந்தெரியாத இரும்பு எதனைக் கண்டாலும் தொடாமல் விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மரத்துக்குள்ளும் சன்னங்கள் புதைந்திருக்கும். அவை வாளின் பல்லை முறிக்கும். இயந்திர வாளாயின் ஆளையும் காயப்படுத்தும். அறுக்கும் இடத்தை முதலில் கத்தி நுனியால் சுரண்டிப் பாருங்கள்.

கழற்றும் முறை கட்டிய முறைக்கு நேர் எதிரானது. கடைசியாக ஏற்றியது முதலில் இறங்க வேண்டும். முதலில் ஓடு, முகட்டிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால் பாரம் மறுபக்கம் சாயும். அதன்பின் சலாகை, பின்னர் கைமரம், பின்னர் முகட்டுவளை, ஈற்றில் சுவர்மேல் வளை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிரமதானத்தில் அவசரப்பட்டு, கைமரங்கள் இருக்கவே முகட்டுவளையைக் கயிறு கட்டி இழுக்க விட்டேன். வளை மூன்று துண்டாயிற்று. இளைஞர் ஒருவரின் கால் முறிந்தது. மேற்பார்வை என்னுடையது, பிழையும் என்னுடையதே.

பழைய தச்சர் ஒவ்வொரு மூட்டையும் அதனதன் இடத்துக்கே வெட்டியிருப்பார். ஒன்றின் கழுந்து இன்னொன்றின் துளைக்குச் சரிவராது. ஆதலால் கழற்றுமுன் இரு மரத்திலும் ஒரே இலக்கத்தைக் கரியால் எழுதுங்கள். மரஆணிகள் ஒரு பக்கம் சிறுத்திருக்கும்; சிறுத்த பக்கத்திலிருந்து தட்டினால் வெளியே வரும். இரும்பாணியாயின் மடிந்த நுனியை நிமிர்த்தி, பின்னே தட்டி, கொண்டை எழும்பிய பிறகே பிடுங்க வேண்டும். அலவாங்குக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்தால் மரம் நசியாது.

கதவு நிலையை நெம்பி எடுக்க முயலாதீர்கள். அதன் மேற்சட்டத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். மேற்சுவருக்கு முட்டுக் கொடுத்து, பக்கச் சுவரை இடித்து, நிலையின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு சலாகை அடித்த பின் தூக்குங்கள். அப்போதுதான் சதுரம் குலையாது.

இறக்கிய மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே கறையான் தின்றிருக்கும். சுவருக்குள் இருந்த முனையே முதலில் உக்கும், அங்கே ஆணியால் குத்திப் பாருங்கள். துளைகளிலிருந்து புதிய மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை நல்ல மரங்களோடு அடுக்க வேண்டாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வர்ணம் பூசிய துண்டுகளை அடுப்பில் எரிப்பதும், பிள்ளைகளுக்கு அருகில் வைத்துத் தேய்ப்பதும் கூடாது.

மாரிக்கு முன் வேலையை முடித்து, கல் மேல் உயர்த்தி, அடுக்குக்கு அடுக்கு குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள்.

பலர் தவறவிடும் விடயம் ஒன்று. உக்கிய முனைகளை வெட்டினால் 14 அடிக் கைமரம் 12 அடியாகலாம். எனவே அத்திவாரம் போட்டபின் மரத்தை அளக்காமல், மரத்தை அளந்தபின் அறையின் அகலத்தைத் தீர்மானியுங்கள். உதவித் திட்டத்தில் கட்டுவோர் தொழில்நுட்ப அலுவலரிடம் முன்கூட்டியே கேட்பது நன்று. பழைய பனையில் நேரே ஆணி அடித்தால் ஆணி வளையும் அல்லது மரம் வெடிக்கும், துளையிட்டு அடியுங்கள்.

இறுதியாக, அடுத்த வளவு. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பி வந்தபோது, கதவும் நிலையும் கூரையும் அற்ற வீடுகள் பலவற்றைக் கண்டார்கள். 1995 இடப்பெயர்வின் பின் எம்மவருக்கும் அதுவே நேர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவரின் வீடு இடிந்து கிடந்தாலும் மரம் அவருடையதே. அவரிடமோ உரித்தாளரிடமோ எழுத்தில் சம்மதம் கேளுங்கள். எத்தனை மரம், என்ன நீளம் என்று அக்கடிதத்தில் குறித்து, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். வேறு ஊருக்கு ஏற்றுவதானால், வண்டி பிடிக்குமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றி விசாரியுங்கள்.