கொத்தாமல் வளம் பெறும் மண்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலர், வாசலில் கிடைத்த இரண்டடி இடத்திலும் பழைய வாளிகளிலும் துளசி, கறிவேப்பிலை, கீரை வளர்த்து வருகின்றனர். அவ்விடத்து மண்ணோ சிமென்ட் தூளும் செங்கல் துண்டும் கலந்தது. எவ்வளவு கொத்தினாலும் வளம் பெறாது. அதன்மேல் புதுமண்ணை உருவாக்குவதே வழி.

இதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. தாராவியை அடுத்து மித்தி ஆற்றங்கரையில், ஏறத்தாழ 37 ஏக்கரில் அமைந்த மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா முன்பு குப்பைமேடாக இருந்தது. 1977-இல் குப்பை கொட்டுவது நின்றது; 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அக்குப்பைமேட்டின் மேல் காடே நிற்கிறது.

மண்புழுக்களே மண்ணை உழுகின்றன என்பதை டார்வின் 1881-இல் ஒரு நூலாகவே எழுதினார். மண்ணைக் கொத்தும்போது அப்புழுக்களின் வழிகளும் பூஞ்சை இழைகளும் அறுபடுகின்றன. உள்ளே புகும் காற்றால் நுண்ணுயிர்கள் மட்கை விரைந்து தின்று தீர்க்கின்றன. அந்தப் பருவத்தில் செடி செழிப்பது உண்மையே. ஆயினும், முதலை எடுத்துச் செலவிட்டு அதனை வருமானம் என்று எழுதும் கணக்கு அது; எந்தத் தணிக்கையாளரும் அதனை ஏற்கமாட்டார்.

மழை ஓய்ந்த அக்டோபரில் தொடங்குவது நலம். அட்டைப்பெட்டிகளின் ஒட்டுநாடாவையும் கம்பி ஊசிகளையும் நீக்கி, தரையில் இடைவெளியின்றி விரித்து, நன்கு நனைக்க வேண்டும். களைகள் ஒளியின்றி மடியும். அதன்மேல் ஒரு சாண் உயரத்திற்குச் சருகு, கரும்புச் சக்கை, வாடிய பூ, காய்கறித் தோல் ஆகியவற்றைக் கலந்து பரப்ப வேண்டும். சக்கையை மட்டும் போட்டால், அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். எனவே தபேலாவிலிருந்து மட்கிய சாணம் வாங்கி மேலே இரண்டு அங்குலம் இடுக. அந்த அடுக்கிலேயே கீரை விதைக்கலாம். சில மாதங்களில் படுகை பாதியாகத் தாழும். மீண்டும் மேலே சேர்ப்பதே வேலை, கிளற வேண்டாம். ஜூன் மழையில் வெற்று மண் அடித்துச் செல்லப்படாமல் இம்மூடாக்கு காக்கும்.

சமைத்த உணவு, மீன் கழிவு கூடாது, எலி வரும். நம் பகுதியில் எலிக்காய்ச்சல் சிறிய செய்தி அன்று.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். பட்டறைகளை அடுத்த நிலத்தில் ஈயம் முதலிய உலோகங்கள் கலந்திருக்கலாம். மேலே எவ்வளவு மட்குப் போட்டாலும் அவை அழிவதில்லை. அத்தகைய இடத்தில் குழந்தைகள் உண்ணும் கீரையைத் தரையில் வளர்க்காதீர்கள். அடிப்புறம் மூடிய தொட்டியில், வெளியிலிருந்து வாங்கிய மண்ணில் வளர்க்கவும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மும் வேண்டாம். தொட்டியைத் தகரக் கூரையில் ஏற்றுமுன் எடையைக் கணக்கிடுங்கள்: ஈர மண் நிறைந்த 20 லிட்டர் வாளி ஏறத்தாழ 30 கிலோ இருக்கும்.