மருந்துப் போத்தலைத் தூக்கமுன்

புல்மோட்டைப் பக்கம் கமநல சேவை நிலையத்திலோ விவசாய மருந்துக் கடையிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? பெரும்போகம் தொடங்கியதும் யாராவது ஒருவர் நாலு நெல்லிலையைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வருவார். “தம்பி, கபிலப் புள்ளி விழுந்திருக்கு. என்ன அடிக்கலாம்?”

உடனே பெயர் சொல்லிவிடாதீர்கள். “வயலைப் பார்த்திட்டுச் சொல்றேன் காக்கா” என்று கிளம்புங்கள்.

வரம்பில் நின்று முதலில் கண்டம் முழுவதையும் பாருங்கள். பாதிப்பு நேர்கோட்டில் வெட்டினாற்போல் நிற்கிறதா? பக்கத்து வயலில் யார், எப்போது களைநாசினி அடித்தார் என்று விசாரியுங்கள். கடற்பக்கத்துப் பயிரில் மட்டும் நுனி கருகியிருந்தால் உப்பைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் வடியாத பள்ளத்தில், அடியிலையின் நுனியிலிருந்து பொடிப்பொடியாகக் கபில நிறம் இறங்கினால் இரும்பு நச்சாக இருக்கலாம். அதற்குப் போத்தல் வேண்டாம், தண்ணீரை வடித்துவிட வேண்டும். இளம்பயிரின் அடியிலைகளில் துருப்போன்ற புள்ளிகள் தோன்றி, பயிரும் குட்டையாக நின்றால் நாகக் குறைபாட்டையும் மறக்கக் கூடாது.

இனி இலைக்கு வரலாம். பத்து மடங்கு காட்டும் கைவில்லை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். புள்ளி எள்ளு வடிவில், நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிக் கபில நிறமுமாக இருந்தால் கபிலப் புள்ளி நோய். இரு முனையும் கூராக நீண்டிருந்தால் எரிபந்தம். இரண்டும் பங்கசு நோய்தான். ஆனால் எரிபந்தம் தழைச்சத்து மிதமிஞ்சிய பயிரை விரும்பும்; கபிலப் புள்ளி பட்டினி கிடக்கும் பயிரைத்தான் தேடிப் பிடிக்கும். இங்கே ஆளை மாற்றிச் சொன்னால் பசளை ஆலோசனையே தலைகீழாகிவிடும்.

கபிலப் புள்ளியை இலேசாக நினைக்கவும் வேண்டாம். 1942இல் வங்காளத்து நெல்லை இந்த நோய் கடுமையாகத் தாக்கியது. அடுத்த ஆண்டு பெரும் பஞ்சம். பஞ்சத்துக்கு நோய் எவ்வளவு காரணம், ஆட்சி எவ்வளவு காரணம் என்ற வாதம் வேறு கதை. நமக்கு வேண்டியது மண் பற்றிய பாடம். பொட்டாசியமும் சிலிக்கனும் குறைந்த நிலத்தில், தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால், இந்த நோய் தலைதூக்கும். இல்மனைற்று மணலுக்குப் பெயர்போன இந்தக் கரையில், மணற்பாங்கான கண்டங்களில் போட்ட சத்து இலகுவில் கழுவிப் போய்விடும். ஆகவே கமக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி பொட்டாஷ் பற்றியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டதிலிருந்து பொட்டாஷ் போடுவதை விட்டவரா? வைக்கோலை எரிக்கிறாரா, வயலுக்கே திருப்பிப் போடுகிறாரா? வைக்கோலில் பொட்டாசியமும் சிலிக்கனும் நிறைய இருக்கின்றன. அதை எரிப்பதும் அள்ளி விற்பதும் எனக்கு நல்ல கணக்காகப் படவில்லை.

விதை எங்கே வாங்கினார் என்பதையும் கேளுங்கள். இந்த நோய் விதையோடும் வரும். 53–54 பாகை செல்சியஸ் வெந்நீரில் 10–12 நிமிடம் விதையை வைத்தெடுப்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் வழி. வெப்பமானி இல்லாமல் அதைச் செய்யச் சொல்லாதீர்கள், முளைதிறன் போய்விடும்.

நெல் மட்டுமல்ல, கச்சான் இலையும் கொண்டு வருவார்கள். அதில் மஞ்சள் வளையத்தோடு கபிலப் புள்ளி என்றால் பெரும்பாலும் இலைப்புள்ளி நோய். போன போகமும் அதே நிலத்தில் கச்சானா என்று கேளுங்கள்.

மாதிரி எடுக்கும்போது பொலித்தீன் வேண்டாம், இலை அவிந்துவிடும். பத்திரிகைத் தாளில் மடித்து வையுங்கள். இலையை மட்டும் படம் பிடிக்காமல் வயலையும் பிடியுங்கள். திகதி, நெல்லினம், போட்ட பசளை, அடித்த மருந்து எல்லாம் குறிப்புப் புத்தகத்தில் ஏறட்டும்.

கடையில் வேலை என்றால் முதலாளி விற்கச் சொல்வார்தான். சத்துக் குறைபாட்டுக்குப் பங்கசு நாசினி விற்றால் அன்றைக்கு ஒரு போத்தல் போகும், அடுத்த போகம் அந்த ஆள் வேறு கடைக்குப் போவார். நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்றே சொல்லி, விவசாயப் போதனாசிரியரிடம் அனுப்புங்கள். அல்லது கமக்காரர் முன்னாலேயே விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.