ஜன்னலுக்கு வெளியே இமயம்

கேள்வி: அக்டோபரில் டில்லியிலிருந்து காத்மாண்டுவுக்கு விமானத்தில் போகிறோம். ஜன்னல் வழியே பனிமலையைச் செல்போனில் எடுத்தால் நன்றாக வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வரும். ஆனால் பாதி வேலை சீட் பிடிப்பதில் இருக்கிறது. போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். மாறி உட்கார்ந்தால் கங்கைச் சமவெளியைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இறக்கைக்கு முன்வரிசையாகக் கேளுங்கள். பின்னால் என்றால் எஞ்சினின் வெப்பக்காற்றில் மலை கானல்போல் நெளியும். மழைக்காலம் ஓய்ந்த நேரம் என்பதால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தவளகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா, மனாஸ்லு என்று வரிசையாக வரும்.

அடுத்த எதிரி ஜன்னல். அதன் உள்பக்கத்தில் முன்பு உட்கார்ந்தவர் தலை சாய்த்துத் தூங்கிய எண்ணெய்த் தடம் கட்டாயம் இருக்கும். மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனை ஜன்னலுக்கு வெகு அருகில் கொண்டுபோங்கள், ஆனால் அதில் சாய்க்காதீர்கள். விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். உங்கள் உடையின் நிழல் கண்ணாடியில் விழுந்தால், கறுப்புத் துப்பட்டாவால் போனைச் சுற்றி மறைத்துக்கொள்ளலாம். பக்கத்து சீட்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

திரையில் மலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கேமரா ஜன்னல் கீறலைப் பிடித்துக்கொள்ளும். பனி வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரிய கேமராவும் கொண்டுபோனால் போலரைசரைக் கழற்றிவிடுங்கள்; விமான ஜன்னலின் அக்ரிலிக்கில் அது வானவில் கோடுகளைக் காட்டும்.

எவரெஸ்ட் காத்மாண்டுவுக்கும் கிழக்கே இருக்கிறது. அதைக் கிட்டத்தில் எடுக்க, அங்கிருந்து காலையில் கிளம்பும் மலைச்சுற்று விமானத்துக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும்.