குத்தகைச் சிறகுகள்

ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் வாலில் அதை இயக்கும் நிறுவனத்தின் இலச்சினை பளிச்சிடும். பயணச்சீட்டிலும் பணியாளர் சீருடையிலும் அந்நிறுவனத்தின் பெயரே இருக்கும். ஆனால், விமானி அறைக்குள் பதிக்கப்பட்ட சிறிய உலோகத் தகடு ஒன்று பெரும்பாலும் வேறொரு பெயரைச் சொல்லும். அதுவே விமானத்தின் உண்மையான உரிமையாளரின் பெயர். இயந்திரங்களிலும் அத்தகைய தகடுகள் தனியே பொருத்தப்பட்டிருக்கும். இன்று உலகப் பயணிகள் விமானங்களில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு குத்தகையில் பறப்பவை. இந்தியாவில் இப்பங்கு இன்னும் அதிகம்.

நஞ்சை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் விளைச்சலுக்கு உரியவர். நிலத்துக்கு உரியவர் அல்லர். விமானக் குத்தகையின் அடிப்படையும் இதுவே. ஆயினும், நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். விமானமோ ஒரே நாளில் மூன்று நாடுகளைக் கடந்துவிடும். இத்தொழிலின் சிக்கல்கள் பலவும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இத்தொழிலை வளர்த்தெடுத்தவர்களுள் அயர்லாந்தைச் சேர்ந்த டோனி ரயன் குறிப்பிடத்தக்கவர். தொடர்வண்டி ஓட்டுநரின் மகனான அவர், ஏர் லிங்கஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, அங்குப் பயன்பாடின்றி இருந்த போயிங் 747 விமானத்தைத் தாய்லாந்தின் ஏர் சயாம் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடும் பொறுப்பை ஏற்றார். ஓரிடத்தில் வீணாக நிற்கும் விமானம் மற்றோரிடத்தில் பொருள் ஈட்டும் என்பதை அப்பணி உணர்த்தியது. 1975இல் ஷானன் நகரில் கின்னஸ் பீட் ஏவியேஷன் நிறுவனம் அவர் முயற்சியால் உருவாயிற்று. 1992இல் அதன் பங்கு வெளியீடு தோல்வியுற்று நிறுவனம் சரிந்தது. எனினும், அங்குப் பயின்றவர்கள் பல குத்தகை நிறுவனங்களில் பரவினர். உலகின் மிகப்பெரிய விமானக் குத்தகை நிறுவனமாகிய ஏர்கேப்பின் தலைமையகம் இன்றும் அயர்லாந்தின் டப்ளினில்தான் உள்ளது.

குத்தகையில் இரு வகைகள் முதன்மையானவை. விமானத்தை மட்டும் பெற்று, விமானிகள், பராமரிப்பு, காப்பீடு, எரிபொருள் அனைத்தையும் விமான நிறுவனமே கவனித்துக்கொள்வது உலர் குத்தகை. விமானத்தோடு விமானிகள், பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்துப் பெறுவது ஈரக் குத்தகை. முன்னது வீட்டை வாடகைக்கு எடுப்பது போன்றது. பின்னது ஓட்டுநரோடு வண்டியை அமர்த்துவது போன்றது. இண்டிகோ நிறுவனம் 2023இல் தில்லி–இஸ்தான்புல் தடத்தில் இயக்கிய போயிங் 777 விமானம் துருக்கி ஏர்லைன்ஸுக்கு உரியது. அதை ஓட்டிய விமானிகளும் அந்நிறுவனத்தாரே.

விற்றுவிட்டுத் திரும்பக் குத்தகைக்குப் பெறுவது மற்றொரு வழி. இண்டிகோ பறக்கத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 2005இலேயே நூறு ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆணை தந்தது. மொத்தமாக வாங்குவோருக்கு உற்பத்தியாளர் விலையைக் கணிசமாகக் குறைப்பார். விமானம் கைக்கு வரும் நாளில் அதைக் குத்தகை நிறுவனத்துக்குச் சந்தை விலையில் விற்று, அதையே வாடகைக்குப் பெற்றுக்கொண்டால், பெரிய முதலீடு முடங்காது. விலை வேறுபாடும் கையில் நிற்கும். ஆனால், வாடகையைப் பெரும்பாலும் டாலரில் செலுத்தவேண்டும். உள்நாட்டுப் பயணியிடம் பெறும் கட்டணமோ ரூபாய். ரூபாயின் மதிப்பு சரியும்போது, ஒரு பயணிகூடக் குறையாமலே நிறுவனத்தின் சுமை ஏறிவிடும்.

விமானத்தைத் திருப்பித் தருவது பெறுவதைவிடக் கடினமானது. விமானம் பறக்கும் மணிகளையும் தரையிறங்கும் முறைகளையும் கணக்கிட்டு, பின்னாளில் வரவிருக்கும் பெரும் பராமரிப்புக்காக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கித் தரும் ஏற்பாடு பல ஒப்பந்தங்களில் உண்டு. இயந்திரத்தின் சுழல் உறுப்புகள் சில, குறித்த எண்ணிக்கையில் பறந்தபின் கழற்றப்பட்டே ஆகவேண்டும். அவ்வுறுப்பு உருவான நாள்முதல் எந்த விமானத்தில், எத்தனை முறை பறந்தது என்பதற்கு இடைவெளியற்ற ஆவணம் தேவை. ஆவணம் தொலைந்தால், பழுதற்ற உறுப்பும் பயனற்றதாகக் கருதப்படும். விமானத்தின் மதிப்பில் ஒரு பகுதி காகிதத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையன்று.

வாடகை நின்றுபோனால் என்ன நேரும்? இதற்கு விடை காணவே 2001இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. இந்தியா 2008இல் அதில் இணைந்தது. தவணை தவறினால் விமானத்தின் பதிவை நீக்கி நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல உரிமையாளருக்கு அதிகாரம் தரும் ஆவணத்தில், விமான நிறுவனம் முன்கூட்டியே கையொப்பமிடும். ஆயினும், உடன்படிக்கைக்கு ஏற்ற சட்டம் உள்நாட்டில் நெடுங்காலம் இயற்றப்படவில்லை.

அதன் விளைவு 2023இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் நொடிப்புத் தீர்வு கோரித் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடியது. இயந்திரங்கள் உரிய காலத்தில் கிடைக்காததால் பாதி விமானங்கள் முடங்கின என்பது அதன் வாதம். நொடிப்புச் சட்டப்படி, அந்நிறுவனத்தின் வசமிருந்த எதையும் எவரும் எடுக்கக் கூடாது என்ற தடைக்காலம் தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் நிலையங்களில் அசையாமல் நின்றன. நிற்கும் விமானமும் தேயும். உறுப்புகள் சில காணாமற்போனதாகவும் உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டனர்.

இதில் எளிய நீதி ஒன்றில்லை. விமானங்களை உடனே எடுத்துச்செல்ல விட்டால் நிறுவனம் மீள வழியில்லை. ஊழியர்களின் ஊதியமும் முன்பணம் செலுத்திய பயணிகளின் தொகையும் கேள்விக்குறியாகும். எடுக்கவிடாது தடுத்தாலோ, அந்த இடரையும் சேர்த்தே உரிமையாளர்கள் இந்திய நிறுவனங்களுக்கு வாடகை விதிப்பர். ஒரு நிறுவனத்தைக் காக்கும் தடையின் விலையை ஏனைய நிறுவனங்களும் அவற்றின் பயணிகளும் செலுத்த நேரும். இரண்டாவது தீங்கே பெரிதெனச் சட்டம் இறுதியில் கருதியது. 2023 அக்டோபரில் விமானங்களுக்கும் இயந்திரங்களுக்கும் அத்தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2025இல் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் தனிச்சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது.

கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டுவிட்டன. 2024 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம், அந்நிறுவனத்தின் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலைநாள்களுக்குள் நீக்குமாறு ஆணையிட்டது. இந்தியப் பதிவைக் காட்டும் ‘வி.டி.’ என்னும் எழுத்துகளை இழந்த அவ்விமானங்கள் உரிமையாளர்களிடம் திரும்பின. 2025 சனவரியில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் ஆணையிட்டபோது, அதனிடம் பறப்பதற்கு விமானங்கள் இல்லை.