இணையத்தில் ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை என்பதை நாம் அறிவோம். இணையத்திலும் அத்தகைய வழிப்படுத்தல் உண்டு. நாம் ஓர் இணைப்பைச் சொடுக்கினால், வழங்கி வேறொரு முகவரியைக் கூறி நம் உலாவியை அங்கே அனுப்பும். 301 என்னும் குறியீட்டுடன் கூறின் அம்மாற்றம் நிலையானது. உலாவி அதை நினைவிற்கொண்டு மறுமுறை நேரே செல்லக்கூடும். 302 எனக் கூறின் மாற்றம் தற்காலிகமானது. தனிக்கட்டளை இன்றேல் உலாவி அதனைச் சேமிப்பதில்லை. ஆதலின் ஒவ்வொரு சொடுக்கும் இடைநிற்கும் வழங்கியிடம் வந்தே செல்லும். அங்கே நேரம், ஐ.பி. முகவரி, உலாவி வகை முதலியன பதிவாகலாம். சொடுக்குகளை எண்ண விரும்புவோர்க்கு 302 உதவுவது இதனாலேயே. வழி கேட்டவனைப் பற்றிய செய்தி வழிகாட்டியிடம் உள்ள அமானிதமாகும். அதனை அவன் அறியாமல் பிறர்க்கு விற்பது முறையன்று.